தரைக்கடியில் ஓடியது வெந்நீரா, நெருப்பா? ரோமானியக் குளியல் மண்டபங்கள் சூடான விதம்

இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போய்வருகிறவர்கள் எடுத்துப் போடும் படங்களில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். பள்ளமாகக் கிடக்கும் ஓர் அறை. அதில் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டித் தூண்கள், வரிசை வரிசையாக. படத்துக்குக் கீழே விளக்கம் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். தூண்களுக்கு நடுவே வெந்நீர் நிற்கும், அதில் இறங்கிக் குளிப்பார்கள் என்பார் ஒருவர். தரைக்கடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள் என்பார் இன்னொருவர். அந்த ஊரில் இயற்கையான வெந்நீர் ஊற்றே இருக்கும்போது அடுப்பு எதற்கு என்று கேட்பார் மூன்றாமவர்.

அந்தத் தூண்களுக்கு நடுவே தண்ணீர் நின்றதே இல்லை. அங்கே போனது அடுப்பின் அனலும் புகையும். குளிக்க வந்தவர்கள் நடந்த தரை அந்தத் தூண்களின் தலைமேல் இருந்தது. தரை உடைந்து போய்விட்டது, தாங்கிய கால்கள் மட்டும் மிஞ்சின. படத்தில் தெரிவது அதுதான்.

சூடாக்க வேண்டியது எது?

குளியல் என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. ரோமர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருந்தது: வேர்த்துக் கொட்ட வேண்டும். உடம்பில் ஆலிவ் எண்ணெய் தடவி, வேர்க்கவிட்டு, எண்ணெயும் அழுக்கும் வேர்வையும் சேர்ந்து ஊறியதை ஸ்ட்ரிஜில் என்ற வளைந்த உலோகத் தகட்டால் வழித்தெடுப்பார்கள். தொட்டியில் இறங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே தண்ணீரை மட்டும் காய்ச்சினால் போதாது. அறையையே காய்ச்ச வேண்டும். பொதுவாக மூன்று அறைகள் இருக்கும். குளிர்ந்த அறை ஃப்ரிஜிடேரியம், மிதமான சூடுள்ள அறை டெபிடேரியம், வெப்பமான அறை கால்டேரியம். பெரிய இடங்களில் தண்ணீரே இல்லாமல் வறட்டுச் சூட்டில் வேர்க்க வைக்கும் லக்கோனிகம் என்ற அறையும் உண்டு.

அறையைச் சூடாக்க எளிய வழி, நடுவில் ஒரு கணப்புச் சட்டியை வைப்பது. இத்தாலியின் பாம்பே (Pompeii) என்ற பழைய ரோமானிய ஊரில், மன்றம் எனப்பட்ட நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள குளியல் மண்டபத்தின் டெபிடேரியத்தில் அப்படிப்பட்ட பெரிய வெண்கலக் கணப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. கொடுத்தவர் மார்க்கஸ் நிஜிடியஸ் வக்குலா. வக்குலா என்றால் லத்தீனில் சின்னப் பசு. தன் பெயருக்குப் பொருத்தமாகக் கணப்பில் ஒரு பசுவின் உருவத்தைப் பதித்திருக்கிறார். கூடவே கொடுத்த வெண்கல இருக்கைகளிலும் அதே கால்நடை விளையாட்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊர் புதைந்தபோது அந்தக் கணப்பு அங்கேயேதான் இருந்தது. அழகான பொருள்தான், ஆனால் கணப்பில் பெரிய தொல்லைகள் இருந்தன. பக்கத்தில் நிற்பவருக்கு முகம் எரியும், மூலையில் இருப்பவருக்குக் குளிரும். கரியின் நச்சுவாயு நேராக அறைக்குள்ளேயே கலக்கும். வேர்வைக் குளியலுக்கு வேண்டிய சீரான சூட்டை அதனால் தர முடியாது. தீயை அறைக்கு வெளியே கொண்டுபோய், அதன் வெப்பத்தை மட்டும் உள்ளே எடுத்துவர ஒரு வழி வேண்டும். அதுதான் ஹைப்போகாஸ்ட். "கீழிருந்து எரிப்பது" என்பது இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பலர் செர்ஜியஸ் ஓராட்டா என்ற பெயரைச் சொல்வார்கள். கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பையே கடற்கரையில் சிப்பி வளர்த்துப் பணம் பார்த்தவர் அவர். "தொங்கும் குளியல் அறைகளை" அவர்தான் முதலில் செய்தார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் கிரேக்கத்தின் கோர்ட்டிஸ் என்ற ஊரில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் குளியல் கட்டடத்திலேயே தரையடி வெப்பப் பாதை இருந்திருக்கிறது. ஓராட்டா அதை மேம்படுத்தி, வீடுகளில் வைத்து நல்ல விலைக்கு விற்றவர் என்று கொள்வதே பொருத்தம்.

தொங்கும் தரை

விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தரையைக் கட்டும் முறையை ஒரு கொத்தனாருக்குச் சொல்வதுபோல் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் அளவுகள் ரோமானிய அடியில் இருக்கின்றன. ஓர் அடி என்பது சுமார் 29.6 செ.மீ.

1. முதலில் அடித்தளத்தில் ஒன்றரை அடிச் சதுர ஓடுகளைப் பாவ வேண்டும். தளம் அடுப்பின் பக்கம் சரிந்திருக்க வேண்டும். சோதனைக்கு ஒரு பந்தை உள்ளே எறிந்து பார்க்கச் சொல்கிறார். அது உள்ளேயே நின்றுவிடாமல் தானாக உருண்டு அடுப்பு வாய்க்குத் திரும்ப வேண்டும். அப்படி இருந்தால் அனல் மேல்நோக்கி எளிதாகப் பரவும் என்பது காரணம். அகழ்ந்தெடுத்த கட்டடங்களில் பலவற்றில் இந்தச் சரிவு இல்லை, சமதளமாகவே கட்டியிருக்கிறார்கள்.

2. அதன்மேல் 8 அங்குலச் சதுரச் செங்கற்களால் இரண்டடி உயரத் தூண்கள். இவற்றுக்குப் பிலா என்று பெயர். கற்களை ஒட்டச் சுண்ணாம்புக் காரை கூடாது, களிமண்ணில் மயிரைப் பிசைந்து பூச வேண்டும் என்கிறார். அனலில் சுண்ணாம்பு பொடிந்து உதிரும். களிமண்ணோ சுடச்சுட இறுகும்.

3. தூண்களின் தலைமேல் இரண்டடிச் சதுர ஓடுகள். ஓர் ஓடு நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூடும். தூண்களை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதை இந்த ஓட்டின் அளவுதான் முடிவு செய்தது.

4. ஓடுகளுக்கு மேல் தடிமனான காரைத் தளம். சுண்ணாம்போடு செங்கல் பொடி கலந்த கலவை அது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வதும், முல்லைப் பெரியாறு அணையில் சேர்ந்ததும் இதே வகைக் கலவைதான். தண்ணீரைக் கசிய விடாது. அதன்மேல் சலவைக் கல் அல்லது மொசைக்.

இப்படிக் கீழே வெற்றிடம் விட்டு நிற்கும் தரைக்கு லத்தீனில் சஸ்பென்சுரா என்று பெயர். தொங்கவிட்டது என்று பொருள்.

ஒரே தீ, பல வேலை

இந்த ஏற்பாட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம், ஒரு தீயின் சூட்டை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அடுப்பிலிருந்து கிளம்பும் அனலின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

அடுப்பின் பெயர் பிரேஃபர்னியம். குளிக்கிற அறைக்கு வெளியே, சுவரின் அந்தப் பக்கம், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். தீ முதலில் தொடுவது அடுப்பின்மேல் உட்கார்ந்திருக்கும் கொப்பரையை. மூன்று வெண்கலக் கொப்பரைகளை அடுத்தடுத்து வைக்கச் சொல்கிறார் விட்ருவியஸ்: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் வெதுவெதுப்பு, ஒன்றில் பச்சைத் தண்ணீர். வெந்நீர்க் கொப்பரையிலிருந்து எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குள் வரும். அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீர் நிரப்பும். கொதிக்கிற கொப்பரையில் நேராகக் குளிர்ந்த நீர் விழாது என்பதால் சூடு சட்டென்று இறங்காது. பாம்பேக்கு அருகே பாஸ்கோரியலேயில் ஒரு பண்ணை வீட்டில் ஈயத்தால் செய்த கொதிகலன் குழாய்களோடு அப்படியே கிடைத்தது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்வரை உலோகத்தின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாக ஏற முடியாது என்பதால் கலம் தாங்கியது. தண்ணீர் வற்றவிட்டால் கதை முடிந்தது.

கொப்பரையைக் கடந்ததும் அடுப்பின் தொண்டைப் பகுதி. அங்கே டெஸ்டூடோ இருக்கும். டெஸ்டூடோ என்றால் ஆமை. உருளையை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற வெண்கலக் கலம் இது. ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை அறைக்குள் இருக்கும் வெந்நீர்த் தொட்டியோடு திறந்து சேர்ந்திருக்கும். அடியில் அனல் படும்போது கலத்துக்குள் உள்ள தண்ணீர் சூடாகி, லேசாகி, மேலே ஏறித் தொட்டிக்குள் போகும். தொட்டியின் அடியில் தங்கிய ஆறிய நீர் அந்த இடத்துக்கு வரும். பம்பு எதுவும் இல்லாமல் தண்ணீர் தானே சுற்றிக்கொண்டிருக்கும். பாம்பேயின் ஸ்டேபியன் குளியல் மண்டபத்தில், பெண்கள் பகுதியில் இப்படி ஒன்று கிடைத்தது.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? 10,000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1,050 மெகாஜூல் வெப்பம் தேவை. உலர்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15 மெகாஜூல் தரும். கொஞ்சமும் வீணாகாமல் சேர்ந்தாலே 70 கிலோ விறகு. ஆறிப்போன தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாகக் காய்ச்சி ஊற்றுவதைவிட, இருப்பதை ஆறவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு மலிவு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

தண்ணீருக்கான இரண்டு வேலையையும் முடித்த அனல் அதற்கு அப்புறம்தான் கால்டேரியத்தின் தரைக்கடியில் நுழைகிறது. தூண்களுக்கு நடுவே பரவி, தரைக்குச் சூட்டைக் கொடுத்து, கொஞ்சம் ஆறியபின் சுவரிலுள்ள துளை வழியாக அடுத்த அறையான டெபிடேரியத்தின் அடிக்குப் போகிறது. அங்கே மிதமான சூடு போதும் என்பதால் மிச்ச அனல் சரியாக இருக்கும். பாம்பேயில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவில் அடுப்பை வைத்து இரண்டு பக்கமும் அனலை அனுப்பியிருக்கிறார்கள்.

தரையைவிடச் சுவரே பெரிது

ரோமானிய வெப்பமூட்டல் என்றால் எல்லாரும் தரையைத்தான் பேசுகிறார்கள். சுவரில் செய்த வேலைதான் அதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

தரை மட்டும் சூடாக இருந்தால் என்ன ஆகும்? சுவர் குளிர்ந்தே இருக்கும். உடம்பு தன் சூட்டைச் சுற்றியுள்ள குளிர்ந்த பரப்புகளுக்கு வீசிக்கொண்டே இருப்பதால், காலடி சுட்டாலும் முதுகு சிலிர்க்கும். நீராவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராக வழியும், பூச்சு ஊறி உதிரும். இன்னொன்று, புகை வெளியேற ஓரிரு புகைபோக்கிகள் மட்டும் இருந்தால் அனல் அடுப்பிலிருந்து நேராக அவற்றை நோக்கியே இழுபடும், மூலைகளுக்குப் போகாது.

முதலில் வந்த தீர்வு, நான்கு மூலையிலும் முலைபோல் குமிழ் வைத்த ஓடுகள். குமிழ்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். பாம்பேயின் மன்றக் குளியல் மண்டபத்துக் கால்டேரியத்தில் இந்த முறையைப் பார்க்கலாம். அதைவிடச் சிறந்தது அப்புறம் வந்த டூபுலி: இருபுறமும் திறந்த, பெட்டி வடிவச் சுடுமண் குழாய். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் முழுவதையும் மூடி, மேலே காரை பூசினார்கள். பக்கவாட்டிலும் துளை இருக்கும் என்பதால் அனல் குறுக்கேயும் போகும். காரை பிடித்துக்கொள்வதற்காகக் குழாய் ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் சீப்பு போன்ற கருவியால் அலையலையாகக் கீறியிருப்பார்கள். அருங்காட்சியகங்களில் இந்தக் கீறலை வைத்தே டூபுலியை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சுவர் முழுக்கப் புகைபோக்கியானதும் எல்லாமே மாறியது. நாலாபக்கமும் இழுப்பு இருப்பதால் தரைக்கடியில் அனல் சீராகப் பரவியது. சுவரும் சூடானதால் அறையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் உடம்புக்கு வெப்பம் வந்தது. ஆவி சுவரில் நீராக இறங்குவது குறைந்தது. கூரையில் மட்டும் சிக்கல் மிஞ்சியது. மன்றக் குளியல் மண்டபத்தில் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள்: வளைவுக் கூரையின் பூச்சில் வரிவரியாகப் பள்ளங்கள். ஆவி குளிர்ந்து சொட்டாகி ஆட்கள் தலையில் விழாமல், பள்ளம் வழியே சுவருக்கு ஓடிவிடும்.

சூடு கையிருப்பில் அதிகமானதும் பெரிய சன்னல்கள் வைக்கும் துணிச்சல் வந்தது. கண்ணாடியும் அதே காலத்தில்தான் பரவுகிறது. கி.பி. 65-இல் இறந்த ரோமானியத் தத்துவ அறிஞர் செனகா, சுவருக்குள் பதித்த குழாய்களும் சன்னல் தகடுகளும் தன் காலத்தில் வந்த புதுமைகள் என்று எழுதுகிறார். பழைய தளபதி சிப்பியோவின் குளியல் அறையைப் பார்த்துவிட்டு வந்து, அதில் சன்னல் இல்லை, வெறும் கீறல்கள்தான் என்கிறார். அகன்ற சன்னல் வழியாக நாள் முழுக்க வெயில் விழாவிட்டால் அந்த இடத்தை இருட்டில் ஒண்டும் பூச்சிகளின் பொந்து என்று மக்கள் இப்போது சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். சூடான அறைகளைத் தென்மேற்குப் பக்கம் திருப்பி வைத்ததற்கும் இதுவே காரணம். குளிக்கக் கூட்டம் வருவது பிற்பகலில், வெயிலும் அப்போது அந்தப் பக்கம்தான்.

எவ்வளவு சூடு?

வெப்பமானி இல்லாத காலம் அது. ஆனால் சான்றுகள் உண்டு. இன்றைய ஐரோப்பிய நெறிப்படி, வீடுகளில் ஆட்கள் புழங்கும் இடத்தில் தரைச் சூடு 29 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கால்டேரியத்தின் தரை அதைவிட நன்றாகவே சூடாக இருந்திருக்க வேண்டும், வெறுங்காலோடு நிற்க முடியாமல் கெட்டி அடிப்பாகம் வைத்த செருப்பு போட்டுக்கொண்டார்கள். அல்ஜீரியாவின் திம்காடில் குளியல் மண்டபத் தரை மொசைக்கிலேயே செருப்பு வரைந்து "பேனே லாவா" என்று எழுதியிருக்கிறது. நன்றாகக் குளி என்று அர்த்தம்.

கொடூரமான ஒரு சான்றும் இருக்கிறது. லார்சியஸ் மாசிடோ என்ற பிரமுகரை ஃபார்மியேயில் அவருடைய சொந்த வீட்டில், குளிக்கும்போது அவருடைய அடிமைகளே தாக்கினார்கள். செத்துவிட்டாரா என்று பார்க்க, கொதிக்கும் தரையில் அவரைத் தூக்கிப் போட்டார்கள். அவர் அசையவில்லை. பிறகு சூட்டில் மயங்கி விழுந்துவிட்டார் என்று சொல்லி வெளியே தூக்கி வந்தார்கள். இளைய பிளினி தன் கடிதமொன்றில் இதை எழுதியிருக்கிறார். உயிர் இருக்கிறதா என்று சோதிக்கும் அளவுக்குத் தரை சுட்டது. சூட்டில் மயக்கம் என்றால் யாரும் சந்தேகப்படாத அளவுக்கு அது வழக்கமாகவும் இருந்தது.

தீ அணையாமல் இருக்க

5 மீட்டர் சதுர அறையின் தரை 30 செ.மீ. தடிமன் என்றால் அதன் எடை 13 டன்னுக்குக் குறையாது. அதைப் பச்சைக் குளிரிலிருந்து சூடேற்ற நாள்கணக்கில் ஆகும். ஏறிய சூடு இறங்குவதும் மெதுவாகத்தான். எனவே தினமும் அணைத்துப் பற்றவைப்பது வீண் செலவு. சின்னத் தீயாகவாவது இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அதற்கு விறகு வேண்டும். போர்ச்சுகலின் அல்ஜுஸ்திரெல் என்ற சுரங்க ஊரில் கிடைத்த 2-ஆம் நூற்றாண்டு வெண்கலப் பட்டயம் ஒன்றில் குளியல் மண்டபக் குத்தகை விதிகள் இருக்கின்றன. குத்தகைக்காரர் தன் செலவில் தினமும் மண்டபத்தைச் சூடாக்க வேண்டும். விடிந்ததிலிருந்து ஏழாம் மணி வரை பெண்கள், எட்டாம் மணியிலிருந்து இரவு இரண்டாம் மணி வரை ஆண்கள் (ரோமர்கள் பகல் மணியை விடியலிலிருந்தும் இரவு மணியைப் பொழுது சாய்ந்ததிலிருந்தும் எண்ணினார்கள்). பெண்களுக்கு ஓர் ஆஸ் காசு, ஆண்களுக்கு அரை ஆஸ். 30 நாளுக்கு ஒருமுறை வெண்கலக் கலங்களைக் கழுவி, துடைத்து, புதுக் கொழுப்பு தடவ வேண்டும். எரிக்க உதவாத கழிவுக் கிளைகளைத் தவிர விறகை வெளியே விற்கக் கூடாது. விற்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் 100 செஸ்டர்ஷஸ் நாணயம் அபராதம். விறகு எவ்வளவு கிராக்கியான பொருளாக இருந்தது என்பதை இந்த ஒரு விதியே சொல்லிவிடும். வட ஆப்பிரிக்காவில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் ஆலிவ் கொட்டைச் சக்கையையும் எரித்தார்கள்.

அப்புறம் ஆள் வேண்டும். அடுப்பு எரித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். புகையும் சாம்பலும் நிறைந்த நிலவறைதான் அவர்களுடைய இடம். தண்டனை பெற்ற வயதான கைதிகளை என்ன செய்வது என்று இளைய பிளினி கேட்டபோது, குளியல் மண்டபத்திலும் சாக்கடை துப்புரவிலும் சாலை வேலையிலும் போடு என்று பேரரசர் டிராஜன் பதில் எழுதினார். எந்த வேலைகளோடு சேர்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கி.பி. 216-இல் ரோமில் திறந்த கரகல்லா குளியல் மண்டபத்தில் ஒரே நேரத்தில் 1,600 பேருக்கு இடம் இருந்தது என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அதன் அடியில் விறகு வண்டிகள் போய்வரும் அகலத்தில் சுரங்கப் பாதைகள் ஓடின. மேலே குளித்தவர்கள் கண்ணில் அடுப்பு எரித்தவர்கள் படவே இல்லை.

வெந்நீர் ஊற்று இருந்தும் அடுப்பு ஏன்?

மூன்றாவது குழப்பத்துக்கு வருவோம். பாத் நகரத்து ஊற்றில் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் சுரக்கிறது, சூடு 46 டிகிரி. ஈயத் தகடு பதித்த பெரிய குளத்துக்கு அது அப்படியே போதும். அந்தக் குளத்துக்கு அடுப்பே கிடையாது. ஆனால் 46 டிகிரித் தண்ணீரால் இங்கிலாந்தின் குளிரில் ஓர் அறையின் சுவரையும் தரையையும் வேர்க்கும் அளவுக்குச் சூடாக்க முடியாது. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வேர்வை அறைகளுக்குத் தனியாக ஹைப்போகாஸ்ட் கட்டினார்கள். படங்களில் வரும் தூண்கள் அவற்றைச் சேர்ந்தவை. இத்தாலியின் பையேயில் நிலைமை வேறு. எரிமலைப் பூமி என்பதால் தரையிலிருந்து வரும் சூடான ஆவியையே அறைக்குள் திருப்பிவிட்டார்கள், விறகே தேவைப்படவில்லை.

தீ எப்போது அணைந்தது?

கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் நின்றது, பெரிய மண்டபங்களின் அடுப்புகளும் நின்றன. கிழக்கே சின்ன அளவில் அது தொடர்ந்தது. ஜோர்டான் பாலைவனத்தில் குசைர் அம்ரா என்ற இடத்தில், 8-ஆம் நூற்றாண்டில் உமையாக்கள் என்ற அரபு அரச மரபினர் கட்டிய சிறிய குளியல் மாளிகை ஒன்று நிற்கிறது. அங்கும் சூடான அறையின் தரைக்கடியில் அதே தூண்கள் இருக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம், வெளியே, அடுப்பு.